யூஏடி-2 கார்டு போட எந்த மதர்போர்டு சரி?

மஞ்சக்குப்பம் மாடி
வணக்கம் நண்பர்களே. கடலூரில் வீட்டு மாடியில் சின்ன ஸ்டுடியோ, பெரும்பாலும் நாதஸ்வரம், தவில், கோயில் பாட்டுப் பதிவுகள்தான். பழைய எச்61 போர்டு போன மாதம் போய்விட்டது. அதிலிருந்த யூஏடி-2 குவாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு (ஒலி எஃபெக்ட் பிளகின்களைத் தன் சொந்தச் சிப்பில் ஓட்டும் கார்டு) நன்றாக இருக்கிறது, என் ரிவெர்ப், கம்ப்ரெஸர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன, விட மனசில்லை. கடையில் பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் (சின்ன அளவு) போர்டும், இரண்டரை ஸ்லாட் அகலத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டும் எடுக்கச் சொல்கிறார்கள். பழைய கார்டு புது ஜென்4 (நான்காம் தலைமுறை) ஸ்லாட்டில் ஓடுமா என்றால் "போட்டுப் பார்க்கலாம் சார்" என்பதுதான் பதில். நான் கேம் ஆடுவதில்லை, வீடியோ வேலையும் இல்லை. என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டை ஒலி
அண்ணா, ஜென் பற்றிக் கவலையே வேண்டாம், பிசிஐ எக்ஸ்பிரஸ் பழைய கார்டையும் ஏற்கும். உங்களுடையது எக்ஸ்1 கார்டு, அதாவது ஒரே லேன் (தரவுப் பாதை) கொண்டது, எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் உட்காரும். வேகமும் பிரச்சினை இல்லை: முதல் தலைமுறையின் ஒரே லேன் நொடிக்கு 250 எம்பி கடத்தும், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் சேனல் ஒன்றுக்கு 144 கேபி போதும்.

சிக்கல் இடத்தில்தான். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் பலவற்றில் எக்ஸ்1 ஸ்லாட் முதல் எக்ஸ்16-க்கு நேர் கீழே இருக்கும், இரண்டரை ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டு அதை அப்படியே மூடிவிடும். உங்களுக்கு அந்தக் கார்டு எதற்கு? ரைசன் 5 5600ஜி புராசஸர் வாங்குங்கள், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, மேல் ஸ்லாட் முழுக்க யூஏடிக்கு. இன்டெல் பக்கம் போனால் 12400 எடுங்கள், 12400எஃப் வேண்டாம், எஃப்-இல் கிராபிக்ஸ் கிடையாது.

வாங்கும் முன் போர்டின் மேனுவலை இறக்கிப் படியுங்கள். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-வில் (எஸ்எஸ்டி செருகும் சின்ன ஸ்லாட்) எஸ்எஸ்டி போட்டால் கீழ் ஸ்லாட் ஒன்று அணைந்துவிடும். நான் இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கக் கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து அலைந்தேன்.

வைத்திக்குப்பம்
கார்டைப் புதுப் போர்டில் செருகும் முன் அடியில் உள்ள தங்கப் பற்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் வீட்டில் இரண்டு வருஷத்தில் அந்தப் பற்களின் ஓரத்தில் சாம்பல் பச்சையாய்ப் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது, கார்டு சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்ததும் சரியானது. அழிப்பான் போட்டுத் தேய்க்காதீர்கள், தங்கப்பூச்சு தேய்ந்துபோகும்.

லாஸ்பேட்டை ஒலி
வெள்ளை அழிப்பானால் மெதுவாக ஒருமுறை தேய்த்தால் ஒன்றும் ஆகாது அண்ணா, நான் செய்திருக்கிறேன். ஆனாலும் ஆல்கஹால்தான் முதலில்.

நெல்லிக்குப்பம் ரோடு
ஒன்று சேர்க்கிறேன். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டு) என்றால் 2.67 மில்லிசெகண்ட்தான், அதற்குள் வைஃபை டிரைவரோ வேறு ஏதோ சிபியுவைப் பிடித்து வைத்தால் 'டப்' என்று வெடிக்கும், நல்ல போர்டிலும் வரும். எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை அரை மணி நேரம் ஓட விடுங்கள், பதியும்போது வைஃபையை அணையுங்கள், பயாஸில் சி-ஸ்டேட் (சிபியுவின் மின்சேமிப்பு உறக்கம்) அணைத்தும் பாருங்கள். அப்புறம், தவில்காரர் ஹெட்போனுக்கு யூஏடி பிளகின் வழியாக அனுப்பாதீர்கள். ஒலி கார்டுக்குப் போய் வர நேரம் எடுக்கும், மிக்ஸில் மென்பொருள் அதைச் சரிக்கட்டும், நேரில் வாசிப்பவருக்குத் தாளம் இடிக்கும்.

மஞ்சக்குப்பம் மாடி
ரொம்ப நன்றி. மேனுவல் பார்த்தேன், கடைக்காரர் சொன்ன அதே போர்டில் எக்ஸ்1 ஸ்லாட் எக்ஸ்16-க்கு அடுத்து ஒட்டியே இருக்கிறது, மூடித்தான் போயிருக்கும். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், 5600ஜி போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கார்டின் பற்களில் இரண்டு இடத்தில் கறுப்பு இருக்கிறது, இன்று மெடிக்கலில் ஆல்கஹால் கேட்கப் போகிறேன்.