போலீஸ் ராணுவம்போல ஆவதற்குத் தமிழில் என்ன சொல்?

வைகைக்கரை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

இதழியல் மாணவர்களுக்கு ஒரு பாடம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பெர்குசன் பற்றிய பாடம். 2014 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள அந்தச் சிறுநகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். நியாயம் கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு எதிரே வந்து நின்றது போலீஸ்தானா என்று சந்தேகம் வரும்படி இருக்கிறது பாடத்தில் உள்ள படம். கவச வண்டி, அதன் கூரைமேல் முக்காலியில் பொருத்திய துப்பாக்கி, அதன் பின்னால் குறிபார்க்கும் ஒருவர். எதிரே வெறுங்கைகளை உயர்த்தி நிற்கும் மக்கள்.

இந்த மாற்றத்துக்குத்தான் சொல் வேண்டும். முதலில் ‘இராணுவமயமாக்கல்’ என்று போட்டேன். ‘காவல்துறையின் இராணுவமயமாக்கல் நடவடிக்கைகளுக்கு எதிரான’ என்று ஒரு வரி வந்தது. வாசித்துக் காட்டச் சொன்னேன். “மேடம், மூச்சு வாங்குது” என்றாள் மாணவி. பாடம் முழுக்க இந்தச் சொல்தான் வருகிறது. உதவுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, மூச்சு வாங்குவதற்குக் காரணம் ‘மயம்’. அதை எடுத்துவிட்டு ‘ஆக்கம்’ என்று முடித்தால் போதும். நமக்கென்று வினை இருக்கும்போது வடமொழி ஒட்டு எதற்கு?

அடுத்தது ‘இராணுவம்’. போரைக் குறிக்கும் ‘ரண’த்தோடு உறவுள்ள சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது என்பதால் இகரத்தைத் துணைக்குச் சேர்த்து வைத்திருக்கிறோம். இத்தனை பாடு எதற்கு? நம்மிடம் ‘தண்டு’ இருக்கிறது. தண்டு என்றால் தடி. தண்டு என்றால் சேனையும்தான். ‘தண்டெடுத்தல்’ என்றால் படையெடுத்தல். சோழர் கல்வெட்டில் தண்டநாயகன் வருகிறான். தண்டம் என்றால் தண்டனை. தடி, தண்டனை, சேனை மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. கையில் தடியோடு நின்ற காவலர் சேனையாக மாறுவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா? ‘தண்டாக்கம்’ என்று வையுங்கள்.

செய்திமேசை எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், அருமை. ஆனால் நாளைக் காலை பேப்பரில் ‘போலீஸ் தண்டாக்கம்’ என்று தலைப்பு வைத்தால், போலீசுக்குச் செலவழிப்பது தண்டம் என்கிறோம் என்றுதான் மக்கள் நினைப்பார்கள். சொல்லின் வேர் ஆயிரம் வருஷம் பழையதாக இருக்கலாம், படிக்கிறவர் இன்றைக்கு இருக்கிறார்.

யாராவது ‘படையாக்கம்’ என்று சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ‘தனிப்படை அமைத்துத் தேடி வருகின்றனர்’ என்று எழுதுகிறோம். நகை திருடனைத் தேடுகிற நான்கு பேரும் தமிழில் படைதான். ஆயுதப்படை, அதிரடிப்படை, சிறப்புக் காவல்படை என்று போலீசுக்குள்ளேயே எத்தனை படை! வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லுக்கு வலுவில்லை.

‘ராணுவமயம்’ போதும். ‘தனியார்மயம்’ பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இதுவும் போகும்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

சண்டை ‘மயம்’ பற்றி நடக்கிறது. எனக்குச் சிக்கல் ‘இராணுவம்’ என்பதிலேயே இருக்கிறது.

பெர்குசனில் இரவு இரவாக வீசியது கண்ணீர்ப்புகை. 1993-இல் கையெழுத்தான வேதி ஆயுத உடன்படிக்கை, அதைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் உள்நாட்டில் சட்டம் ஒழுங்குக்குப் பயன்படுத்தத் தடையில்லை. அதாவது எல்லையில் எதிரிமேல் வீசக் கூடாததைத் தெருவில் சொந்தக் குடிமக்கள்மேல் வீசலாம். இதை எப்படி ‘இராணுவம்போல ஆவது’ என்று சொல்வது? இராணுவத்துக்கு இல்லாத அனுமதியல்லவா இது!

நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130-ஆம் பிரிவைப் பாருங்கள். கூட்டத்தைக் கலைக்க இராணுவத்தையே கூப்பிட்டாலும், இயன்ற அளவு குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும், உடலுக்கும் உடைமைக்கும் இயன்ற அளவு குறைந்த சேதமே செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

அப்புறம் பொருட்கள். அமெரிக்க இராணுவத்தின் உபரித் தளவாடங்களை உள்ளூர்க் காவல்துறைகளுக்குக் கொடுக்கும் ‘1033’ திட்டம் 1990-களிலிருந்து நடக்கிறது. ஈராக்கில் கண்ணிவெடியைத் தாங்கச் செய்த வண்டி சிறுநகரப் போலீஸ் கொட்டகையில் வந்து நின்றது அப்படித்தான். 2015-இல் ஒபாமா அரசு தடை செய்த பொருட்களின் பட்டியலில் துப்பாக்கி முனையில் செருகும் ஈட்டிக்கத்திகூட இருந்தது. 2017-இல் டிரம்ப் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கினார். பொருள் வருவதை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘போர்த்தளவாடமேற்றல்’ என்று ஒரு சொல் செய்யலாம். ஆனால் வைகைக்கரை அக்கா கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன்.

பழைய வாத்தியார் எழுதியது:

செய்திமேசைத் தம்பி சொன்ன பிறகு தண்டைக் கைவிடுகிறேன். மனமில்லாமல்தான்.

குறளில் இது இருக்கிறது. ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.’ வழிப்பறிக்காரன் கையில் வேல், அரசன் கையில் கோல். கோல் பிடித்தவன் வேல் பிடித்தவனைப்போல நடந்தால் அது கொடுங்கோன்மை. முந்திய அதிகாரத்திலும் ‘வேலன்று வென்றி தருவது’ என்று வேலையும் கோலையும் எதிரெதிரே வைக்கிறார். காவல் என்பது கோலின் வேலை. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில், தெருவில் மழைநீர் ஓட, அசராமல் சுற்றிவரும் ஊர்காப்பாளரிடமும் அம்பு உண்டு. அது கள்வனுக்கு, தூங்குகிற ஊருக்கு இல்லை. ஆகவே ‘கோல் வேலாதல்’. சுருக்கினால் ‘வேலாக்கம்’.

செய்திமேசை எழுதியது:

‘வேலாக்கம்’ என்றால் ஆடிக்கிருத்திகைச் செய்தி என்று நினைப்பார்கள், ஐயா. குறளைப் பாடத்தின் முகப்பில் போடலாம். அதற்கு என் முழு ஆதரவு.

முத்துநகர் எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

1829-இல் லண்டன் மாநகரப் போலீஸைத் தொடங்கியபோது நீலச் சீருடை கொடுத்தார்கள். பட்டாளத்தின் சிவப்பு அங்கி மக்களுக்கு நினைவு வரக் கூடாது என்பதற்காக. அப்படித் தொடங்கிய ஊரில் ‘ஆதல்’, ‘ஆக்கம்’ எல்லாம் சரி. முன்பு வேறாக இருந்தது, இப்போது இப்படி ஆனது. நமக்கு? மலபார் சிறப்புப் போலீஸை 1921-இல் பிரிட்டிஷ்காரர்கள் பட்டாள மாதிரியில்தான் அமைத்தார்கள். இன்றைய மத்திய ரிசர்வ் போலீஸின் மூலம் 1939-இல் சமஸ்தானங்களுக்காக உண்டாக்கிய படை. நம்மூரில் ‘மயமாதல்’ என்று எழுதினால், முன்னொரு காலத்தில் நல்லபடியாக இருந்ததாக மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நான் தூத்துக்குடிக்காரி. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-ஆவது நாள். அந்தத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் போனார்கள். போலீஸ் வண்டியின் கூரைமேல் சீருடை இல்லாத ஒருவர் துப்பாக்கியோடு குறிபார்த்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மறுநாள் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் யார் இல்லை என்று தெரிந்துகொள்ள நடந்துதான் போனோம். கதவைத் தட்டினால் உள்ளிருந்து முதலில் வந்த கேள்வி, “யாரு?” இல்லை, “எல்லாரும் இருக்கீங்களா?”

பெர்குசன் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது அந்த வண்டிக் கூரைதான். அவர்களிடம் இருந்த கவச வண்டி இங்கே இல்லை. ஆனால் கூரையிலிருந்து கீழே பார்த்த பார்வை ஒன்றுதான். நின்றவர்களைக் குடிமக்களாகப் பார்க்காமல் எதிரி நாடாகப் பார்த்த பார்வை. அதற்குத் தமிழில் ‘பகைப்புலம்’ என்று சொல் இருக்கிறது. பெயர் வைப்பதென்றால் அதற்கு வையுங்கள். ‘பகைப்புலமாக்கல்.’

கறுப்புக்கோட்டு எழுதியது:

முத்துநகர் அக்கா சொல்வதுதான் சரி என்று மனம் சொல்கிறது. ஆனால் ‘பகைப்புலமாக்கல்’ மக்களுக்கு நேர்வதைச் சொல்கிறது, போலீசுக்கு நேர்வதைச் சொல்லவில்லை. எழுவாய் மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் அது இடறும்.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு இரவு 11 மணி. இன்னொரு பத்தி என்னை நிறுத்திவிட்டது. ஆகஸ்ட் 14 அன்று பொறுப்பு மாநில நெடுஞ்சாலைப் போலீஸின் கேப்டன் ரான் ஜான்சனிடம் போகிறது. அவர் வழக்கமான சீருடையில், கவசமும் முகமூடியும் இல்லாமல், மக்களோடு சேர்ந்து நடக்கிறார். அன்றிரவு தெரு அமைதியாக இருந்தது. சில நாட்களில் மறுபடியும் புகை, பிறகு இராணுவத்தின் இருப்புப்படையான தேசியக் காவற்படை. அந்த ஒரு இரவைச் சொல்ல எதிர்ச்சொல் வேண்டும். ‘இராணுவமய நீக்கம்’ என்றால் புரிகிறது. ‘பகைப்புல நீக்கம்’, ‘வேல் நீக்கம்’ என்றால் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும்.

எனவே ‘இராணுவமயமாதல்’ என்றே போடுகிறேன். தானாக நடப்பதுபோல இருக்கும் இடங்களில் ‘ஆதல்’, அரசு ஆணை போட்டுச் செய்யும் இடங்களில் ‘ஆக்கல்’. நான்கு பேர் இதற்குச் சரி என்று தனிமடலில் சொல்லியிருக்கிறார்கள். மூவர் “சீக்கிரம் முடியுங்கள்” என்றும் சேர்த்தே எழுதினார்கள். குறள் முகப்பில் வருகிறது.

பழைய வாத்தியார் எழுதியது:

சொல்லடைவில் ‘இ’ வரிசையில் போடுங்கள் அம்மா, ‘ரா’ வரிசையில் வேண்டாம்.

முத்துநகர் எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தின் அடியில் ‘இராணுவமயமான காவல்துறை’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். கூரைமேல் இருப்பவரின் துப்பாக்கி யாரை நோக்கி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எழுதிவிட்டேன், அக்கா. இப்போதுதான் அச்சகத்துக்கு அனுப்பினேன்.