டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த கதையை ஜேம்ஸ் வாட்சன் எழுதிய ‘தி டபுள் ஹீலிக்ஸ்’ நூலைப் படித்தவர்களே, எந்தப் பக்கம் உங்களை இன்னும் விடவில்லை?

கோபிசெட்டிபாளையம் ஆசிரியர்

கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ.வை ஆராய்ந்த வில்கின்ஸ் பக்கத்து அறைக்குள் போய் அந்தப் படத்தை எடுத்து வந்து வாட்சனிடம் காட்டுகிறாரே, அந்த இடம். 1953 ஜனவரி இறுதி, லண்டன் கிங்ஸ் கல்லூரி. அதே கல்லூரியின் ஆய்வாளர் ரோசலிண்ட் பிராங்க்ளினின் மேற்பார்வையில் ஆய்வு மாணவர் ரேமண்ட் காஸ்லிங் 1952 மே மாதம் எடுத்திருந்த, டி.என்.ஏ.வின் 51ஆம் எண் எக்ஸ் கதிர்ப் படம் அது. பார்த்த கணத்தில் தன் நாடி துடித்ததை வாட்சன் எழுதுகிறார். சற்று முன்புதான் அவர் பிராங்க்ளினின் ஆய்வுக்கூடத்தில் அவரோடு வாக்குவாதம் செய்துவிட்டு வெளியே வந்திருக்கிறார் என்பதும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. அதாவது, படத்துக்கு உரியவர் சில அடி தூரத்தில் இருக்கும்போதே அது இன்னொருவர் கைக்குப் போகிறது.

பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாதியில் நிறுத்தி, “அந்த அம்மாகிட்ட யாருமே கேக்கலீங்களா அப்பா?” என்றாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் கதையைத் தொடரச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் கரும்பலகையில் டி.என்.ஏ. அமைப்பைக் கண்டவர்களாக வாட்சன், கிரிக் என்று இரண்டு பெயர்களை மட்டும் எழுதும்போதெல்லாம் அந்தக் கேள்வி என்னை நிறுத்திவிடுகிறது.

பீளமேடு, ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளர்

ஆசிரியர் ஐயாவின் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தப் படம் களவு போனது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். பிராங்க்ளின் அப்போது பர்க்பெக் கல்லூரிக்கு மாறிச் செல்லவிருந்தார், காஸ்லிங்கின் ஆய்வுப் பொறுப்பு வில்கின்ஸிடம் வந்துகொண்டிருந்தது, ஆகவே படம் வில்கின்ஸின் கைக்கு முறையாகவே வந்தது. அவர் அதை வெளியாள் ஒருவருக்குக் காட்டியது சரியா என்பது வேறு கேள்வி. மேலும், ஒரு படத்தைப் பார்த்ததால் மட்டும் அமைப்பு பிடிபட்டுவிடவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்குக் கிங்ஸ் கல்லூரி அளித்திருந்த அறிக்கை, கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி மேக்ஸ் பெரூட்ஸ் வழியாக, அங்கிருந்த வாட்சனுக்கும் கிரிக்குக்கும் கிடைத்தது. அதிலிருந்த பிராங்க்ளினின் அளவுகளையும் படிகச் சமச்சீரையும் கொண்டுதான், இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதைக் கிரிக் கண்டுகொண்டார். என்னைக் கேட்டால், புத்தகத்தின் உண்மையான திருப்பம் அந்த அறிக்கைதான். வாட்சன் அதற்குக் கொடுக்கும் இடமோ மிகச் சிறியது.

என் அனுபவம் சுருக்கமானது. படிகவியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பிலிம் கழுவியவன் நான். இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டும் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புள்ளிகள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கும் அந்த நொடியை அறிந்தவனுக்கு, வாட்சனின் பக்கத்தில் ஏதோ விடுபட்டிருப்பது உடனே தெரியும். 51ஆம் படத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேலாகக் கதிரைப் பாய்ச்சினார்கள். இழையைச் சுற்றியுள்ள ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, உலர்ந்த ‘ஏ’ வடிவத்தையும் ஈரம் ஏறிய ‘பி’ வடிவத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டியவர் பிராங்க்ளின். அது நடக்காமல் அந்தத் தெளிவு வந்திருக்காது. ஒரு கணத்தில் பார்த்தவரின் துடிப்பு நூலில் இருக்கிறது, மாதக்கணக்கில் அந்தப் படத்துக்காக உழைத்தவர்களின் பொறுமை அதில் இல்லை.

ராசிபுரம், வேளாண் பட்டதாரி

எனக்கு அட்டைத் துண்டுகள்தான். உலோகத் துண்டுகள் பட்டறையிலிருந்து வந்து சேராததால், வாட்சன் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, காரங்கள் எனப்படும் டி.என்.ஏ.வின் நான்கு உறுப்புகளில் ஒத்த காரத்தோடு ஒத்த காரத்தைச் சேர்க்க முயல்கிறார். பாடநூல்களில் இருக்கும் காரங்களின் வடிவமே தவறு என்று வேதியியலாளர் ஜெர்ரி டோனஹியூ திருத்துகிறார். பிறகு 1953 பிப்ரவரி 28 காலையில், அடெனினும் தைமினும் சேர்ந்த வடிவமும், குவானினும் சைட்டோசினும் சேர்ந்த வடிவமும் ஒரே அளவாக அமைவது தெரிகிறது. டி.என்.ஏ.வில் அடெனினும் தைமினும் சம அளவு, குவானினும் சைட்டோசினும் சம அளவு என்று உயிர்வேதியியலாளர் சார்காஃப் ஏற்கெனவே கண்டிருந்ததற்குக் காரணம் அங்கே விளங்கிவிடுகிறது.

என் அம்மா விதைப்பருத்தி வேலைக்குப் போனவர். மாலையில் மொக்கைப் பிரித்து மகரந்தப் பைகளை நகத்தால் நீக்கிவிட்டு, மறுநாள் காலையில் ஆண் செடியின் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவுவது அவர் வேலை. பழைய நாட்காட்டி அட்டையில் நான்கு காரங்களையும் வெட்டி அவர் முன்னால் சேர்த்துக் காட்டினேன். துண்டுகளைத் தானே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்த்தவர், “அப்ப நான் தடவுன பூவுக்குள்ளயும் இதேதான் நடந்துச்சா கண்ணு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பட்டப்படிப்பில் யாரும் இந்த இரண்டையும் எனக்கு இணைத்துச் சொன்னதில்லை. அந்த நூலின் ஆசிரியர்மீது எத்தனை குறை இருந்தாலும், ஓர் அட்டைத் துண்டு பொருந்துவதை இத்தனை நெருக்கமாக எழுதியதற்கு நான் நன்றி சொல்வேன்.

கோபிசெட்டிபாளையம் ஆசிரியர்

பீளமேட்டு ஐயா, படம் முறையாக வந்தது என்பதை ஏற்கிறேன். என் மகள் கேட்டது அதுவன்று. 1953 ஏப்ரல் 25 ‘நேச்சர்’ இதழில் வந்த வாட்சன், கிரிக் கட்டுரை, கிங்ஸ் கல்லூரியின் வெளியிடப்படாத முடிவுகளின் பொதுவான தன்மையை அறிந்திருந்தோம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதே இதழில் பிராங்க்ளினும் காஸ்லிங்கும் எழுதிய கட்டுரை, தம் தரவிலிருந்தே பிறந்த ஒரு மாதிரிக்குச் சான்று சொல்வதைப் போல மூன்றாவதாக அச்சாகியிருக்கிறது. பிராங்க்ளின் 1958இல் 37 வயதில் இறக்கும்வரை, தம் அளவுகள் எந்த அளவுக்குப் பயன்பட்டன என்பது அவருக்குச் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை. 1968இல் நூல் வந்தபோது மறுத்து எழுத அவர் இல்லை. கிரிக்கும் வில்கின்ஸும் இருந்தார்கள், எதிர்த்தார்கள், ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலைக் கைவிட்டது.

பொள்ளாச்சி வாசகர்

கோவைக்குப் போகும் பேருந்தில் படித்தேன். பிராங்க்ளினின் உடையையும் உதட்டுச் சாயத்தையும் பற்றிய பத்தி வந்ததும் மூடி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் மீண்டும் திறந்தேன்.

இனிப் படிக்கவிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பின்னுரையை முதலில் படியுங்கள். பிராங்க்ளினைப் பற்றித் தமக்கு முதலில் இருந்த எண்ணங்கள் பல தவறானவை என்று வாட்சன் அங்கேதான் எழுதுகிறார், ஆனால் அதுவரை வரும் பக்கங்களைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். அடுத்து, 1951இல் வாட்சனும் கிரிக்கும் கட்டிய முதல் டி.என்.ஏ. மாதிரியைப் பற்றிய பகுதியை நிறுத்திப் படியுங்கள். மூன்று இழைகள், நடுவில் பாஸ்பேட்டுகள் என்று அமைத்திருந்தார்கள். லண்டனிலிருந்து வந்து பார்த்த பிராங்க்ளின், நீரின் அளவைக் கணக்கில் எடுத்தால் அது நிற்காது என்று அன்றே சொல்லிவிட்டார். அவர் சொன்னதே சரி. ‘ரோசி’ என்று, நேரில் யாரும் அழைக்காத பெயரால் நூல் முழுவதும் சுட்டப்படும் பெண், அறிவியலில் பிழை கண்டுபிடித்தவராகத் தெரியும் இடம் அது. பிறகு, பிராங்க்ளினின் தோழி ஆன் சேயர் 1975இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றையும், வில்கின்ஸ் 2003இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் சேர்த்துப் படியுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாட்சனின் நூலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ராசிபுரத்துத் தங்கை செய்ததைப் போல அட்டை வெட்டிக் காட்டிவிட்டு, அதன் பிறகு கொடுங்கள்.

கோயம்புத்தூர் வாசகி

நூலை முடித்ததும், நம் ஊரில் இப்படி எழுதியிருக்கக் கூடியவர் யார் என்று தேடினேன். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் 1930களில் பணியாற்றிய ஜானகி அம்மாள்தான் என் நினைவுக்கு வந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து குரோமோசோம்களை ஆராய்ந்தவர், பின்னர் பிரிட்டிஷ் குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பைக் கொண்டுவந்தவர். அந்தத் தொகுப்பை ஒரு நூலகத்தில் புரட்டினேன். தாவரத்தின் பெயர், அதற்கு நேராக ஓர் எண், அடுத்த பெயர், அடுத்த எண். எந்தக் காலையில் எந்தக் கண்ணாடிச் சில்லில் அந்த எண்ணைக் கண்டு அவர் மகிழ்ந்தார் என்பது அதில் இல்லை. உங்களில் யாருடைய தாத்தாவோ பாட்டியோ அந்தக் காலத்தில் அந்த நிறுவனத்தின் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்திருந்தால், ஜானகி அம்மாளைப் பற்றி வீட்டில் சொல்லக் கேட்டதை இங்கே எழுதுங்கள்.