போட் கீ படகுகள் எங்கே போயின?

கேள்வி: சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள போட் கீயில் இப்போது வரிசையாக உணவகங்கள்தான். சரக்குப் படகுகளை எப்போது அகற்றினார்கள்?

மார்க்கெட் ஸ்திரீட்காரன்: 1983இல், மேற்கே கடலோரத்தில் உள்ள பாசிர் பாஞ்சாங்குக்கு. 1977இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக்குள் ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னார், 1987இல் முடிந்தது. அப்பா கிட்டங்கியில் கணக்கெழுதினார். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் துறைக்குப் போவாராம். சுத்தமானது நல்லதுதான், ஆனால் படகுக்காரர்கள் பிழைப்பு அதோடு போனது.

இன்னொருவர்: அவர்கள் எல்லாரும் சீனர்கள்தானே?

மார்க்கெட் ஸ்திரீட்காரன்: பிற்காலத்தில் பெரும்பாலும் ஆமாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னிந்தியச் சூலியாக்கள் (சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள்) கைதான் ஓங்கியிருந்தது. பழைய கடைவீடுகளை 1989இல் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்ததால் முகப்பாவது தப்பியது. உள்ளே பீர் விலையைக் கேட்காதீர்கள்!