.22 பிஸ்டலில் காலிக் கூடு சிக்குகிறது: எக்ஸ்ட்ராக்டரை மாற்றணுமா?

கேள்வி:
.22 எல்.ஆர். (லாங் ரைஃபிள் என்ற சிறு தோட்டா) செமி ஆட்டோ பிஸ்டல், நேரடி ப்ளோபேக். முதல் 60 ரவுண்டு வரை தொல்லையில்லை. அப்புறம் பத்துக்கு இரண்டு கூடு தெறிக்காமல் ஸ்லைடுக்கும் (மேலே முன்பின் நகரும் பாகம்) பேரலுக்கும் நடுவே செங்குத்தாக மாட்டிக்கொள்கிறது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா. இரண்டு மேகசினிலும் இதேதான்.

பதில் 1:
அவசரப்படாதீங்க. சுத்தமாக இருக்கும்போது ஓடி, 60க்கு மேல் தகராறு செய்தால் முதல் சந்தேகம் அழுக்கு மேல்தான். ஈயக் குண்டின் மெழுகும் கரியும் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) வளையமாகப் படியும். ப்ளோபேக்கில் கூட்டைப் பின்னால் தள்ளுவது வாயு அழுத்தம். எஜெக்டரில் (கூட்டை வெளியே தட்டிவிடும் முனை) முட்டும்வரை கூட்டைப் பிடித்துவைப்பதுதான் எக்ஸ்ட்ராக்டரின் வேலை. சேம்பர் கூட்டைக் கவ்வினால் ஸ்லைடு வேகம் குறையும், தெறிக்க விசை போதாது.

மேகசினைக் கழற்றுங்க. சேம்பர் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்க. சால்வென்ட் தடவி 10 நிமிடம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷைச் சேம்பருக்குள் சுழற்றி, உலர்ந்த துணியால் துடைங்க. எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியைப் பல்குச்சியால் நோண்டணும், பலரும் விடுகிற இடம் அது. சேம்பரில் எண்ணெய் வேண்டாம்.

கேட்டவர்:
செய்தாச்சு. இப்போது 80 வரை போகிறது, அப்புறம் பழைய கதை.

பதில் 2:
அழுக்கு பாதிக் காரணம்தான். டம்மி தோட்டாவை (மருந்தில்லாத போலி) சேம்பரில் ஏற்றி, மேகசின் இல்லாமல் ஸ்லைடை மெதுவாக இழுங்க. எஜெக்டரைத் தொடுமுன் விழுந்தால் கொக்கி தேய்மானம், இல்லை அதன் ஸ்பிரிங் தளர்ச்சி. விழாவிட்டால் எக்ஸ்ட்ராக்டரை விட்டுடுங்க.

அடுத்து, சுட்ட கூடுகள் ஐந்தை ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) தடம் ஒரே பக்கம் வரும்படி அடுக்குங்க. தடத்துக்கு நேர் கீழே எல்லாவற்றிலும் ஒரே கீறலா? அப்படியென்றால் சேம்பர் விளிம்பில் பிசிறு இருக்கு. தோட்டா இல்லாமல் ட்ரிகர் இழுத்துப் பழகினால் (ட்ரை ஃபயர்) சில பிஸ்டல்களில் ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் விளிம்பைக் குத்தும்.

கேட்டவர்:
கீறல் இருக்கு, ஐந்திலும். டம்மி விழவில்லை. அரம் போட்டுத் தேய்க்கலாமா?

பதில் 2:
கூடவே கூடாது! உலோகம் குறைந்தால் கூட்டின் விளிம்புக்கு அங்கே தாங்கல் போய்விடும், கூடு பிளந்து வாயு பின்பக்கம் வரும். சேம்பர் அயர்ன் என்ற கருவி பிதுங்கிய உலோகத்தைச் சீவாமல், அழுத்திப் பழைய இடத்துக்கே தள்ளும். ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்க. அதுவரை ட்ரை ஃபயர் வேண்டாம், பழகித்தான் ஆகணும் என்றால் ஸ்னாப் கேப் (ஃபயரிங் பின்னின் அடியைத் தாங்கும் போலித் தோட்டா) போட்டு.