மெக்கானிக்கல் முதல் வருஷம், பட்ஜெட் 45,000: புதுசா, ரீஃபர்பிஷ்டா?

கரிசல்காடு:
தம்பிக்கு லேப்டாப் வாங்கணும். படம் வரையுற ஆட்டோகேட் உடனே வேணும், அடுத்த வருஷம் 3டி டிசைனுக்கு சாலிட்வொர்க்ஸ். ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிபண்ணி விக்கிற, லெனோவா திங்க்பேட் டி480 பாதி பட்ஜெட்டில் கிடைக்கும்னு சொல்றாங்க. வாங்கலாமா?

திருப்புளி:
தாராளமா. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், ராமுக்கு ரெண்டு ஸ்லாட். 8+8 ஜிபி போட்டா டூயல் சேனல் ஆகிடும், ரெண்டும் சேர்ந்து வேகமா ஓடும். ஆனா விலை குறைவேன்னு டி470 பக்கம் போயிடாதீங்க. அது ஆறு, ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 பட்டியலில் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது.

வாரன்டி_கார்டு:
2018 மாடலை இன்னும் நாலு வருஷம் இழுக்கணுமா? 2டி டிராயிங் ஓடும். சாலிட்வொர்க்ஸில் நிறைய பாகம் சேர்ந்த பெரிய அசெம்ப்ளியைத் திருப்பிப் பார்த்தா திணறும். ஏஎம்டி ரைசன் 5 ப்ராசஸர் போட்ட புது லேப்டாப் எடுங்க, வாரன்டியும் இருக்கும்.

திருப்புளி:
மொட்டையா "ரைசன் 5"னு சொல்லி கடைக்கு அனுப்பாதீங்க, அண்ணே. 7520யு, 7530யு ரெண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர்தான். மூணாவது இலக்கத்தைப் பாக்கணும். அது ஜென், அதாவது ப்ராசஸர் டிசைனோட தலைமுறை. 7520-ல் 2: ஜென் 2, நாலு கோர். 7530-ல் 3: ஜென் 3, ஆறு கோர். 7520யு கூட வர்றது எல்பிடிடிஆர்5 ராம், போர்டிலேயே பத்தவச்சது. 8 ஜிபி வாங்கினா கடைசி வரைக்கும் 8 தான். அதிலும் கிராஃபிக்ஸ் ஒரு பங்கைப் பிடிச்சுக்கும்.

வாரன்டி_கார்டு:
அது நியாயம். நான் சொன்னது 7530யு, அதுவும் காலி ராம் ஸ்லாட் இருக்கிற மாடல். ஆஃபீஸில் ஓட்டிட்டு மொத்தமா விக்கிற உங்க பழைய மெஷினில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) பாஸ்வேர்டு மாட்டியிருந்தா? திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டுன்னு சொல்ற அது, போர்டில் இருக்கிற சின்ன சிமாஸ் பேட்டரியைக் கழட்டினாலும் போகாது.

கரிசல்காடு:
அப்போ கடையில் என்னென்ன பாக்கணும்?

திருப்புளி:
ஆன் பண்ணதும் எஃப்1 தட்டுங்க, பயாஸ் வரும். பாஸ்வேர்டு கேட்டா எழுந்து வந்துடுங்க. கேக்கலைன்னா விண்டோஸுக்குள்ள போய் கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட். ஒரு ஃபைல் வரும். டி480-ல் உள்ள ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி, அதனால ரெண்டு கணக்கு காட்டும். டிசைன் கெப்பாசிட்டி (புதுசில் இருந்த கொள்ளளவு) 24,000-ம், ஃபுல் சார்ஜ் (இப்போ இருக்கிறது) 15,000-ம் இருந்தா அது தேய்ஞ்ச பேட்டரி; விலையில் கழிக்கச் சொல்லுங்க. பின்பக்கத்தது லாக்கைத் தள்ளினா கையோட வரும். உள்ளே இருக்கிறதுக்கு அடிமூடியைத் திறக்கணும். ஸ்கிரீன் 1366x768-ஆ இருந்தா வேண்டாம். சார்ஜரை ரெண்டு சி போர்ட்டிலும் செருகிப் பாருங்க. ரெண்டில் ஒண்ணு தண்டர்போல்ட் போர்ட்; அதோட ஃபர்ம்வேர் அப்டேட் போடாம விட்ட மெஷினில் அது படுத்துடலாம்.

வாரன்டி_கார்டு:
எல்லாம் தேறினாலும் போர்டு போனா யார் பொறுப்பு?

திருப்புளி:
மிச்சம் பாதிப் பணம் கையில் இருக்கே. இன்னொரு டி480 வாங்கி எஸ்எஸ்டி, ராம் ரெண்டையும் மாத்திப் போட்டா அன்னைக்கே வேலை நடக்கும்.

வாரன்டி_கார்டு:
சிவில், இ.சி.இ.ன்னா நானும் தலையாட்டுவேன். மெக்கானிக்கலில் சிமுலேஷன் ஓட்டும்போது டி480-ஓட நாலு கோரா, 7530யு-வோட ஆறு கோரான்னு நேரத்திலேயே தெரியும். என் ஓட்டு 7530யு-க்குத்தான்.