ஆர்.டபிள்யூ.இ. பங்கு வச்சிருக்கறவங்க, ஜெர்மன் நல்லா எழுதறவங்க உதவணும்

வணக்கம். என்கிட்ட இருக்கறது நாலே நாலு பங்கு. ஜெர்மன் கரண்ட் கம்பெனி, டிவிடெண்ட் வரும்னு வாங்கினது.

போன மாசம் அவங்களோட கார்ட்ஸ்வைலர் நிலக்கரிச் சுரங்கத்து விளிம்புல போய் நின்னேன். கண்ணுக்கு எட்டின வரைக்கும் குழி. அடியில மண்ணு வெட்டற ராட்சத எந்திரம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிஞ்சது. சுரங்கத்தை விரிவாக்க இம்மெராத் ஊர் தேவாலயத்தை 2018 ஜனவரியில இடிச்சாங்க. 2023 ஜனவரியில லுட்சராத் ஊரும் போச்சு. கையன்பெர்க் உட்பட அஞ்சு ஊர் தப்பிச்சது, சரி. ஆனா ஜனங்க முக்காவாசி அதுக்குள்ள காலி பண்ணிட்டாங்களே!

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு எதிர்த் தீர்மானம் (கம்பெனி வைக்கற தீர்மானத்தை எதிர்த்து பங்குதாரர் வைக்கறது) அனுப்பப் போறேன். ஜெர்மன் பங்குச் சட்டம் 126-ஆம் பிரிவுப்படி 14 நாள் முன்னாடியே காரணத்தோட போய்ச் சேரணும். காரணம் 5,000 எழுத்தைத் தாண்டினா அதை அவங்க வெளியிட வேண்டியதில்லை. நான் எழுதினது 7,000 (கோபம் அப்படி).

யாராவது சுருக்கித் தர முடியுமா? நிர்வாகக் குழுவோட செயல்பாட்டுக்கு ஒப்புதல் தர்ற தீர்மானத்தை எதிர்க்கறதா, டிவிடெண்ட் தீர்மானத்தையா? கொலோன்ல இருக்கற விமர்சனப் பங்குதாரர்கள் கூட்டமைப்புக்கு ஓட்டுரிமையை எழுதிக் கொடுத்தவங்க இருந்தா, பேங்க்ல என்ன ஃபார்ம் கேட்டாங்கன்னும் சொல்லுங்க.