பாட்டி கட்டியிருந்த சேலை என்ன நிறம்?

சாந்தி அக்கா: ஞாயிறு காரியத்துக்கு மாலை போடப் பாட்டி படம் இன்னும் முடிவாகவில்லை. ஆதார் படத்தையே பெரிதாக்கச் சொல்லட்டுமா?

செல்வராஜ் சித்தப்பா: ஆதார் வேண்டாம். அதில் அம்மா அழுவது போல இருக்கும்

கமலா அத்தை: கப்பல் படம் என்னிடம் இருக்கிறது

பெரியப்பா: நான் கேட்டபோது கரையான் அரித்துவிட்டது என்றாயே

கமலா அத்தை: ஓரம்தான் அரித்தது அண்ணே

கமலா அத்தை: 📷

பெரியப்பா: சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியா வரும்போது பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அம்மா மடியில் கமலா. பக்கத்தில் நான்.

குமார்: அத்தை, இதுதான் வேண்டும். இதை வைத்து நானே ஓவியமாக வரைகிறேன். நொடியில் ஓவியமாக்கும் ஆப் வேண்டாம், அது பாட்டி முகத்தை யாரோ ஒருவர் முகமாக மாற்றிவிடும். கிரிட்டா என்று இலவச மென்பொருள் இருக்கிறது. லேயர் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் மாதிரி. படத்தை அடி லேயரில் வைத்து, மேலே புது லேயரில் பிரஷ்ஷால் தீட்ட வேண்டும். முதலில் பெரிய பிரஷ்ஷில் வெளிச்சமும் நிழலும். அப்புறம் சின்ன பிரஷ்ஷில் கண், மூக்குத்தி. நிறத்துக்குத் தனி லேயர் வைத்து மல்டிப்ளை என்ற கலப்பு முறையைக் கொடுத்தால் அடியில் உள்ள நிழல் மறையாது. 12க்கு 18 அங்குலத்தில் தெளிவாகப் பிரிண்ட் போட 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும் அத்தை, டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கமலா அத்தை: டாக்குமென்ட் எங்கே இருக்கிறது

சாந்தி அக்கா: கிளிப் படம் இருக்கும் அத்தை, அதைத் தொடுங்கள்

குமார்: கருப்பு வெள்ளைப் படம். சேலை என்ன நிறம்?

பெரியப்பா: பச்சை. தலைமன்னாரில் அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் கப்பல் ஏறினேன்

கமலா அத்தை: அரக்கு. பச்சைச் சேலை இங்கே வந்தபிறகு மண்டபம் முகாமில் கட்டியது

பெரியப்பா: நீ கைக்குழந்தை. உனக்கு எப்படித் தெரியும்?

கமலா அத்தை: அம்மா சொல்லித் தெரியும். அம்மாவோடு கடைசிவரை இருந்தது நான்தானே

செல்வராஜ் சித்தப்பா: கீழ் லயன் வீடுகள் பக்கம் யானை நிற்கிறது. யாரும் வெளியே வராதீர்கள்

சாந்தி அக்கா: ஐயோ. எத்தனை சித்தப்பா?

செல்வராஜ் சித்தப்பா: மூன்று. குட்டி ஒன்று. வாழை போச்சு

குமார்: பெரியப்பா, நிறம் சேலைக்கு மட்டும் இல்லை. தாடைக்கு அடியில் அந்த நிறம் லேசாக விழும். பச்சை என்றால் முகம் ஒரு மாதிரி, அரக்கு என்றால் வேறு மாதிரி. அதனால்தான் கேட்கிறேன்.

கமலா அத்தை: அந்தச் சேலையைக் கிழித்துத்தான் தம்பிக்குத் தூளி கட்டினார்கள். டிரங்குப் பெட்டியில் ஒரு துண்டு கிடக்கும். காலையில் வெளிச்சத்தில் பார்க்கிறேன்

செல்வராஜ் சித்தப்பா: எனக்கா?

கமலா அத்தை: உனக்குத்தான்

சாந்தி அக்கா: படத்தில் தாத்தாவும் இருக்கிறாரே, சேர்த்தே வரையேன்

பெரியப்பா: காரியத்துக்கு அம்மா மட்டும் போதும்

கமலா அத்தை: இரண்டு பேரும்

குமார்: தாத்தாவைத் தனி லேயரில் வரைகிறேன். வேண்டாம் என்றால் பிரிண்ட் போடும்போது மறைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா: அப்பாவை மறைப்பதா?

குமார்: சரி பெரியப்பா, ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.

கமலா அத்தை: 📷

கமலா அத்தை: வந்ததா?

சாந்தி அக்கா: போட்டோவாகத்தான் வந்திருக்கிறது அத்தை. யானை போனதும் நானே வீட்டுக்கு வந்து அனுப்புகிறேன்